வடக்கு பாத்த வூட்டுக்கு வெயில்மறைப்பு

தட்டியா? இந்தத் தாழ்வாரத்துக்கா? மாட்டிக்கலாம் சார், குடி வந்ததும் நல்லா மாட்டிக்கலாம். அந்தத் தூணைப் பாருங்க, எத்தினி ஆணி ஓட்டைன்னு. முன்னாடி இருந்தவரு அடிச்சது. தட்டி, பாயி, படுதான்னு அவரு மாட்டாத மறைப்பு இல்ல. ஒண்ணும் சரிப்படலை. எதுனாலன்னு கேட்டுட்டு அப்பறம் எதை மாட்டுறதுன்னு முடிவு பண்ணுங்க.

ஆண்டவர்னு பேரு. தா.பழூர் பக்கம் நெலம் நீச்சு உள்ளவரு. மவனுங்க ரெண்டு பேரும் வெளியூர்ல. வயசான காலத்துல டவுன்ல இருப்போம்னு இந்த அரியலூருக்கு வந்து வூட்டைக் கட்டுனாரு. அவரும் சம்சாரம் ஜெயலட்சுமி அம்மாவுந்தான். சாயங்காலமானா இங்கதான் ஈஸி சேரப் போட்டு உக்காருவாரு. தெருவுல போற வர்றவன் எல்லாம் ஒரு கும்புடு போட்டுட்டுப் போவான். அதுல ஒரு சந்தோசம் அவருக்கு.

ஆறு மாசம் நல்லாத்தான் போச்சு. அப்பறந்தான் எதிர் மனையில நாங்க வூடு கட்டி வந்தோம். எங்க வூட்டுக்காரரு அய்யம்பெருமாளு, ரயில்வேல புக்கிங் கிளார்க்கு. ஆமாமா, கவர்மெண்டு வேலைதான். டூட்டி முடிஞ்சு வந்தா வாசல்ல நாற்காலியப் போட்டு, கால்மேல கால் போட்டு பேப்பர் படிப்பாரு. அவரு பண்ணுன ஒரே குத்தம் அதாங்க. எங்க மாமனாரு இந்த ஆண்டவர் வயல்ல ஏர் ஓட்டுனவரு. கக்கத்துல துண்ட வச்சிக்கிட்டு நின்னுதான் பேசுவாரு. அவரு மவன் எதிர்லயே உக்காந்திருந்தா?

மறுநாளே ஐயாவுக்கு வெயிலு அடிக்க ஆரம்பிச்சிடுச்சு.

சிரிக்காதீங்க. வடக்கு பாத்த வூடு சார் இது, வெயிலு எந்த வழியா வரும்? எங்க வூடுதான் தெக்கு பாத்தது. தை மாசம் வாசல்ல கூழ்வத்தல் காய வைக்கலாம், அப்புடி அடிக்கும். நாங்க ஒரு முழம் துணிகூடக் கட்டலை. சரி, ஐப்பசி கார்த்திகையில வடக்கேருந்து சாரல் அடிக்கும், அத ஒத்துக்கறேன். சித்திரையில என்னா சாரலு?

மொதல்ல மூங்கி தட்டி. திருச்சியிலேருந்து வந்துச்சு, பச்சைப் பெயிண்டு அடிச்சி, சுருட்டுறதுக்குக் கயிறெல்லாம் வச்சி. தட்டியில ஒரு சங்கதி இருக்கு பாருங்க. வெளியேருந்து பாத்தா உள்ள தெரியாது. உள்ளேருந்து பாத்தா வெளிய பளிச்சுனு தெரியும். அதனால எங்க கண்ணுக்கு அவரு மறைஞ்சிட்டாரு. அவரு கண்ணுக்கு எங்க வூட்டுக்காரரு அப்புடியே இருந்தாரு, கோடு கோடா, கால்மேல கால் போட்டுக்கிட்டு. பத்து நாளுல தட்டி மாட்டுக்கொட்டாய்க்குப் போயிடுச்சு.

அடுத்தது கோரைப்பாயி. நாலு பாயச் சேத்துத் தைச்சித் தொங்க விட்டாரு. அந்த வருச மழையில ஊறி, பூசணம் பூத்து, தெருவே மூக்கப் புடிச்சிக்கிட்டுப் போச்சு. பாதிய ஆடு தின்னுச்சு.

கடைசியா லாரிப் படுதா. சிமெண்டு மூட்டைக்கு மேல போத்துவாங்களே, அது. மாட்டுன அன்னிக்கு வூட்டுல ரெண்டு பேருக்கும் ஓயாத தும்மலு. கீழ தரையில இரும்பு வளையம் பதிச்சி, இறுக்கிக் கட்டிப்புட்டாரு. காத்து இல்ல, வெளிச்சம் இல்ல. பட்டப்பகல்ல லைட்டப் போட்டுக்கிட்டு வேர்த்து ஊத்த உக்காந்திருப்பாரு. வெயிலுக்கு அடக்கமா இருக்கும்பாரு. ஜெயலட்சுமி அம்மா தெருக்குழாயில எங்கிட்ட சொல்லிச்சு, வேம்பு, எனக்கு அரிசியில கல்லு தெரிய மாட்டேங்குதுன்னு. அந்தம்மா மட்டும் பேசும், அவருக்குத் தெரியாம.

எழுவத்தேழு புயலு ஞாபகம் இருக்கா? அப்ப நீங்க மெட்ராஸா. இங்க விடியறப்ப அடிச்சிச்சு பாருங்க, கல்லு மண்ணெல்லாம் பறக்குது. படுதா பொடைச்சிக்கிட்டு நிக்குது, கப்பல் பாய் கணக்கா. அவுத்து வுடுங்கன்னு அந்தம்மா கத்துது. அவரு இன்னொரு கயிறு எடுத்துக்கிட்டு வந்து கட்டுறாரு. ஒரே இழுப்பு. சட்டம், ஓடு, படுதா எல்லாம் சேந்து அவரு மேல.

நாங்க ரெண்டு பேரும் ஓடியாந்தோம். உள்ளேருந்து ஐயோ அம்மான்னு சத்தம். எங்க வூட்டுக்காரரு, ஐயா, அசையாதீங்க, தூக்கிடுறேன்னாரு. யார்ரா அதுன்னாரு. எதிர் வூடுங்க, அய்யம்பெருமாளுன்னாரு.

சத்தம் நின்னு போச்சு சார். மூச்சு வுடுற சத்தம்கூட இல்ல. செத்துட்டாரோன்னு நெனைச்சிட்டேன். அந்தம்மாவுக்குத்தான் வெளங்குச்சு, ஐயா வேணும்னே வாய மூடிக்கிட்டாருன்னு. அவ்வளவு மழையில நின்னுகிட்டு சொல்லிச்சு, இருக்கறதுன்னா நீங்க உள்ளயே இருங்க, நான் எதிர் வூட்டுக்குப் போறேன்னு. சொல்லிட்டு, நனைஞ்ச சீலையோட விறுவிறுன்னு போயி எங்க வூட்டுல உக்காந்துகிச்சு. நானும் ஓடிப்போயி காபி போட்டுக் குடுத்தேன். வாய் வச்சுக் குடிச்சிச்சு.

எங்க வூட்டுக்காரரு அருவாளால கயித்த அறுத்து அவரை இழுத்துப் போட்டாரு. கை ஒடிஞ்சி தொங்குது. வெளிய வந்ததும் என்னா சொன்னாரு தெரியுமா? அவுத்துருக்கலாமேடா, நல்ல கயித்த அறுத்துப்புட்டியேன்னாரு. எங்காளுதான் மாட்டு வண்டி புடிச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனாரு. அன்னிக்கு ராத்திரி மட்டும், எங்கப்பனும் இப்புடித்தான் இவருகிட்ட ஏச்சுக் கேட்டுக்கிட்டு நின்னாரு வேம்புன்னு ஒரு வார்த்தை சொன்னாரு.

கை கூடுனதும் அவரு ஊருக்கே போயிட்டாரு. டவுன் தண்ணி ஒத்துக்கலையாம். மூணு வருசம் வூடு பூட்டியே கெடந்துச்சு. தாழ்வாரத்துக்குப் புதுசா ஓடு போட்டது இப்பதான், சுண்ணாம்பு வாசனை வருதுல்ல?

ஓனரையா? அவரைக் கேட்டுட்டு மாட்டுறீங்களா? கேளுங்களேன். நாந்தாங்க ஓனரு. மனை அந்தம்மா பேர்ல இருந்துச்சு, அவங்கப்பா வாங்கிக் குடுத்தது. போன மாசி மாசம் தனியா பஸ் ஏறி வந்து எம்பேருக்குக் கிரையம் எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போச்சு.

ஏன் சார், எந்திரிச்சிட்டீங்க? உக்காருங்க. வந்ததுலேருந்து நீங்க அடுப்பங்கரையப் பாக்கலை, கெணத்தப் பாக்கலை. இங்கயே நின்னுகிட்டு எதிர் வூட்டுல யாரு, என்னா ஆளுன்னு ரெண்டு தரம் கேட்டுட்டீங்க. மழைக்குன்னா தாராளமா மாட்டிக்குங்க. எங்களுக்குன்னா வேற வூடு பாருங்க. யோசிச்சுச் சொல்லுங்க, ஒண்ணும் அவசரமில்ல. நான் எதுக்கத்தான் இருப்பேன்.