கரூரைக் கொங்கில் சேர்த்த மாரியாத்தாள் அம்மாவுக்கு

பொதியைத் தூக்கிப் பார்த்தே போய்ச்சேரும் ஊரைச் சொல்லிவிடும் பெருந்தகையீர்! வண்டி வரும்வரை வாசலை விட்டு அகலாத விழியும், வந்து சேர்ந்தபின் யாரையும் வையாமல் விட்டுவிடும் மனமும் ஒருங்கே வாய்த்தவரே! எங்கள் வழித்தடப் பிரிவின் மேலாளராக இருந்து இன்று பணி ஓய்வு பெறும் மாரியாத்தாள் அம்மா அவர்களே, வணக்கம்.

இத்தகைய மடல்களில் இரண்டாம் வரி 'இன்ன மண்ணின் மகளே' என்று வருவது வழக்கம். எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்தபோது நானும் அப்படித்தான் எழுதினேன். அதைச் சாப்பாட்டு அறையில் வாசித்துக் காட்டினேன். பிறகு எடுத்துவிட்டேன். உங்களைக் கொங்கு மண்ணின் மகள் என்று சொன்னால் கொங்கு எது என்று சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லத் தொடங்கினால் இந்த விழா இன்று முடியாது. ஆகவே அவிநாசிக்குப் பக்கத்தில் சேவூரில் பிறந்தவர் என்று மட்டும் குறிப்பிடுகிறேன். அதில் யாருக்கும் மறுப்பு இல்லை.

சாக்குப் பையின் மேல் பிரஷ்ஷால் ஊர்ப்பெயர் எழுதிய காலத்தில், நம் பார்சல் நிறுவனத்தின் பதிவு மேசையில் வந்து உட்கார்ந்தீர்கள். கம்ப்யூட்டர் வந்தது, கற்றீர்கள். செல்போனில் வண்டி நகர்வதைப் பார்க்கும் காலம் வந்தது, அதையும் கற்றீர்கள். ஆனாலும் ஓட்டுநரைக் கூப்பிட்டு, "ஏனுங், எங்கீங்க இருக்கறீங்க?" என்று ஒருமுறை கேட்டால்தான் உங்களுக்குத் தூக்கம் வரும். ஈரோட்டு மஞ்சள் மூட்டையும் ஆர்.எஸ்.புரம் பட்டுச்சேலைப் பெட்டியும் ஒரே வண்டியில் ஏறக் கூடாது என்று சொல்லித் தந்தீர்கள். ஏன் என்று கேட்டோம். "சேலையில மஞ்ச வாசம் அடிச்சா பொண்ணு வீட்டுக்காரங்க சந்தோசப்படுவாங்க. கடைக்காரரு நம்மளைத்தானுங்க கூப்பிட்டு வைவாரு" என்றீர்கள். வழி தெரியாமல் வந்த பொதிக்கும், வேலை தெரியாமல் வந்த எங்களுக்கும் ஒரே பொறுமையோடு வழி சொன்னவர் நீங்கள்.

இவ்வளவு நற்குணங்களுக்கும் நடுவே உங்களிடம் ஒரு பிடிவாதம் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த மடல் வேறு யாருக்கோ எழுதியது போல் ஆகிவிடும். கொங்கு நாடு வெள்ளகோவிலோடு முடிகிறது என்பதே அந்தப் பிடிவாதம். இங்கே கோவையிலிருந்து கரூர் போகும் சாலையில் வெள்ளகோவில் வரைக்கும் ஒத்துக்கொள்வீர்கள். "அதுக்கு அக்கட்ட நீங்க யாரோ, நாங்க யாரோ" என்பீர்கள். வெள்ளகோவிலுக்கு அடுத்து வருவது தென்னிலை. நம் வண்டிகளை மேற்பார்வை பார்க்கும் பாலுசாமி அண்ணனின் சொந்த ஊர் தென்னிலை.

இந்த வழக்கு எங்களில் பலர் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே சாப்பாட்டு மேசையில் நடந்துகொண்டிருந்தது. பெயரின் பொருளிலேயே சண்டை தொடங்கும். கொங்கு என்றால் தேன், தேன் நிறைந்த நாடு என்பது பாலுசாமி அண்ணனின் கட்சி. "ஆயிரம் அடி போர் போட்டாலும் தண்ணியே வரமாட்டீங்குது. தேன் எங்கிருந்து தம்பி வந்துச்சு?" என்பீர்கள். கொங்கர்கள் இருந்ததால் கொங்கு என்றார் கணக்குப் பிரிவில் ஒருவர். "அப்ப கொங்கருக்கு எதனாலீங்க அந்தப் பேரு வந்துச்சு?" என்று நீங்கள் கேட்டதும் அவர் மோர் ஊற்றிக்கொள்ளப் போய்விட்டார்.

"சேரன் இருந்த ஊருங்க்கா எங்க கரூரு" என்பார் பாலுசாமி அண்ணன்.

"இருந்தான்ல? இப்ப எங்கே போனான்?"

"சேரன் போனாலும் ஊரு கொங்குதானுங்க்கா."

"சரி, குளித்தலை?"

"அது சோழ நாடுங்க. அவங்களை எப்படிச் சேத்துறது?"

"பாத்தீங்களா, நீங்களும் கோடு போடறீங்கள்ல. என்ற கோடு வெள்ளகோவில்ல இருக்குது, உங்க கோடு கொஞ்சம் தள்ளி இருக்குது. அவ்வளவுதான்."

பெரும்பாலும் இந்த இடத்தில் நீங்கள் வெற்றி பெறுவீர்கள். நாங்கள் கை கழுவப் போவோம்.

அப்படியொரு வெற்றி நாளில் சென்னையிலிருந்து நம் பொது மேலாளர் கோவிந்தராஜுலு அவர்கள் வந்திருந்தார். நம்மோடு உட்கார்ந்து சாப்பிட்டார். வழக்கு முழுவதையும் கேட்டார், ரசித்தார், விடைபெற்றுப் போனார். இப்போது மேடையில் அமர்ந்திருக்கும் அவர், மேற்கொண்டு நான் வாசிப்பதைப் பொறுத்தருள வேண்டும். வாசிக்கலாம் என்று அவரே சிரித்துக்கொண்டு அனுமதி தந்தார்.

சில மாதம் கழித்து நிறுவனத்தின் கிளைகளைப் பிரிவு பிரிவாக மாற்றப்போவதாகச் சென்னையிலிருந்து சுற்றறிக்கை வந்தது. கோவை கொங்குப் பிரிவின் தலைமை இடம். கொங்குப் பிரிவு வெள்ளகோவில் வரை. கரூர் அதற்கு வெளியே, திருச்சிப் பிரிவில். ஆகவே இங்கே கரூர்ப் பொதிகளைக் கவனிக்கும் கரூர் மேசையில் வேலை பார்க்கும் மூவரும் அந்த மேசையோடு திருச்சிக்கு மாற்றப்படுவர்.

அந்த மூவர் சாஜிதா பேகம் அக்கா, ஜேக், இதை எழுதும் நான். சாஜிதா அக்காவின் வீட்டுக்காரர் சஹீர் அண்ணன் அப்போதுதான் கரும்புக்கடைப் பகுதியில் வெல்டிங் பட்டறை தொடங்கியிருந்தார். சுற்றறிக்கை வந்த அன்றே ஷட்டருக்குப் பெயிண்ட் அடிப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டார் அக்கா. பட்டறையை விட்டு அவர் வர முடியாது. வேலையை விட்டு அக்கா இருக்க முடியாது. குழந்தை யாரோடு இருப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. எனக்கு மாலைநேரக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு நடந்துகொண்டிருந்தது. நடுவில் விட்டால் திரும்பச் சேர்வேன் என்று என்னாலேயே நம்ப முடியவில்லை. ஜேக்குக்குத் திருச்சியில் யாரையும் தெரியாது. "இங்க மட்டும் உனக்கு யாரைத் தெரியும்?" என்று சாஜிதா அக்கா கேட்டார். அந்த நிலைமையிலும் அவனுக்குச் சிரிப்பு வந்தது.

சுற்றறிக்கையில் இருந்தது யாருடைய கோடு என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. ஒருவரும் சொல்லவில்லை. சொல்ல எல்லா உரிமையும் உள்ள பாலுசாமி அண்ணனும் சொல்லவில்லை. நீங்கள் மட்டும் சாப்பாட்டு மேசையில் பேசுவதை நிறுத்திவிட்டீர்கள். அந்த நாட்களில் அந்த அறையில் டிபன் மூடி திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு பொது மேலாளர் நேரில் வந்தார். பெரிய அறையில் எல்லோரும் கூடினோம். நடந்ததை அன்றிரவே என் நாட்குறிப்பில் எழுதினேன். எதையாவது விட்டிருப்பேனோ என்ற சந்தேகத்தில், இப்போது பாலுசாமி அண்ணனிடமும் சாஜிதா அக்காவிடமும் கேட்டுச் சரிபார்த்தேன்.

"அம்மா, நீங்க சொன்ன மாதிரியே போட்டிருக்கேன். வெள்ளகோவிலோட கொங்கு முடியுது. சரிதானே?" என்றார் அவர். உங்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கும் என்றே அவர் நினைத்திருந்தார்.

நீங்கள் எழுந்தீர்கள். முதலில் வண்டியைப் பற்றித்தான் பேசினீர்கள். "சார், நம்ம மில்லு நூலு தினமும் கரூருக்குப் போகுதுங்க. அங்கிருந்து போர்வையும் திரைச்சீலையும் அதே வண்டியில இங்க வருதுங்க. திருச்சியில கொண்டுபோயி இறக்கி, ஏத்தி, சுத்தீட்டு வரோணுமுங்களா?"

"அதைச் சமாளிச்சுக்கலாம்மா. பிரிவுக்குக் கொங்குன்னு பேர் வெச்சாச்சு, போர்டும் அடிச்சாச்சு. கொங்குல இல்லாத ஊரை உள்ளே வெச்சா மேலே கேப்பாங்க. இல்லேன்னு சொன்னதே நீங்கதான். இப்ப ஒரே வார்த்தையில சொல்லுங்க. கரூர் கொங்கா, இல்லையா?"

நீங்கள் பாலுசாமி அண்ணனைப் பார்த்தீர்கள். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொங்குதானுங்க சார்" என்றீர்கள்.

"அன்னைக்கு அவ்வளவு உறுதியாச் சொன்னீங்களே?"

"அது சோறு தின்னுபோட்டுப் பேசுனதுங்க. ஜெயிக்கோணும்னு பேசுனதுங்க. அதைய வெச்சு மூணு பேர்த்தை ஊரை விட்டுக் கிளப்பிப்போடாதீங்க."

"சரி, அப்போ எல்லையை எங்கே போடறது?"

அப்போது நீங்கள் செய்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. வேறு எதையும் யோசிக்காமல் திரும்பி, "தம்பி, எதுவரைக்குமுங்க?" என்று பாலுசாமி அண்ணனைக் கேட்டீர்கள்.

எத்தனையோ ஆண்டுகளாக அவரிடம் யாரும் கேட்காத கேள்வி அது. அவர் எழுந்து நின்று, "கரூரைத் தாண்டி மாயனூர் வரைக்கும் வெச்சுக்கலாமுங்க சார்" என்றார். பொது மேலாளர் வரைபடத்தில் பழைய கோட்டை அடித்துப் புதிய கோட்டைப் போட்டார். பேனா நகர்வதை நாங்கள் மூவரும் கழுத்தை நீட்டிப் பார்த்தோம். கூட்டம் முடிந்ததும் சாஜிதா அக்கா மாடிப்படியில் நின்று போன் செய்தார். "ஏனுங்க, ஷட்டருக்குப் பெயிண்ட் அடிச்சுப்போடுங்க" என்றார். பிறகு அதை என்னிடம் நீட்டினார். போனை வாங்கி நான்தான் விவரம் சொன்னேன்.

மறுநாள் சாப்பாட்டு மேசையில் பாலுசாமி அண்ணன் பழிதீர்த்துக்கொள்வார் என்று எல்லோரும் முன்னதாகவே வந்து இடம் பிடித்தார்கள். அவர் டிபனைத் திறந்து, தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உங்களால்தான் பொறுக்க முடியவில்லை.

"ஏந் தம்பி, ஒண்ணுமே பேசக் காணமே?"

"என்னத்தைங்க்கா பேசறது."

"ஜெயிச்சுப்போட்டேன்னு சொல்லலாமுல்ல."

"நீங்களாக் குடுத்ததைய நான் ஜெயிச்சேன்னு எப்படீங்க்கா சொல்றது?"

நீங்கள் பொரியலை எடுத்து அவர் தட்டில் வைத்தீர்கள். "நான் குடுத்தது ஆபீசுக்கு. இந்த மேசைக்கு இல்லை. இங்க இன்னும் வெள்ளகோவில்தான் எல்லை" என்றீர்கள்.

பாலுசாமி அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். "அதெப்படீங்க்கா, சேரன் இருந்த ஊரு..." என்று தொடங்கினார். மற்றவர்கள் அப்போதுதான் டிபனைத் திறந்தார்கள்.

அம்மா, அன்று நீங்கள் சொன்னது உண்மையா, எங்களுக்காகச் சொன்னதா என்று எனக்குள் ஒரு உறுத்தல் இருந்தது. எங்களுக்காக ஒரு பொய் சொல்ல வைத்துவிட்டோமோ என்று பயந்தேன். ஆகவே விசாரித்தேன். அலுவலக வாசலில் டீக்கடை வைத்திருக்கும் மாசாணம் அண்ணன் பழனிக்காரர். கரூர் கொங்கா என்று கேட்டேன். "அதைய விடு கண்ணு, மொதல்ல பழனி உள்ள இருக்குதா, அதைச் சொல்லு" என்றார். மாலைக் கல்லூரியில் வரலாறு நடத்தும் டீனா மேடத்திடம் கேட்டேன். "எந்த நூற்றாண்டுல கேக்கறே?" என்றார். இந்த நூற்றாண்டில் என்றேன். "அதுக்கு இன்னும் நூறு வருசம் கழிச்சு வா, எழுதி வெச்சிருப்பாங்க" என்றார். அத்தோடு விசாரிப்பதை நிறுத்திக்கொண்டேன். நீங்கள் பொய் சொன்னதாக யாராலும் நிரூபிக்க முடியாது என்று தெரிந்ததும் எனக்குப் பெரிய பாரம் இறங்கியது.

ஆனால் விட்டுக்கொடுத்தீர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆண்டாண்டு காலமாகத் தோற்காத ஒரு வழக்கை, அத்தனை பேர் முன்னிலையில், எதிர்க்கட்சிக்காரரின் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தீர்கள். அதற்கான நன்றியை அன்று எப்படிச் சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. சாஜிதா அக்கா மறுநாள் ஒரு டப்பா தம்ரூட் இனிப்பு கொண்டுவந்தார். நீங்கள் பாதியைப் பாலுசாமி அண்ணனுக்குக் கொடுத்துவிட்டீர்கள். ஆகவே மீதி நன்றியை இன்று இந்த மடலில் எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டுத் தருகிறோம்.

அன்புடையீர்! படியேறும்போது பிடித்துக்கொள்ளும் அந்த முழங்கால் வலி உங்களை விட்டு நீங்கட்டும். வண்டி வந்ததா என்று விழித்திருந்த இரவுகளுக்கெல்லாம் ஈடாக நிறைய உறக்கம் வாய்க்கட்டும். உடலும் உள்ளமும் நலமாய், வாதிட ஆளும் வயிறார உணவும் குறையாமல், நீங்கள் பல்லாண்டு நிறைவோடு வாழ வேண்டும் என்று நெஞ்சார வாழ்த்துகிறோம். பணியில்தான் உங்களுக்கு ஓய்வு. சாப்பாட்டு மேசையில் உங்கள் இடத்தை யாருக்கும் கொடுப்பதாக இல்லை. மாதம் ஒருமுறையாவது வந்து பாலுசாமி அண்ணனைத் தோற்கடித்துவிட்டுப் போக வேண்டும் என்று அவரே கேட்டுக்கொள்கிறார்.

ஒரு சிறு மன்னிப்பு வேண்டுகிறோம். கரூர் வண்டி ஏற்கெனவே பின்வாசலில் வந்து நிற்கிறது. மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, கேக் வெட்டும் நேரத்தில் எங்கள் மூன்று நாற்காலிகளும் காலியாக இருக்கும். திருச்சிக்குப் போய்விட்டோம் என்று நினைத்துவிடாதீர்கள், அம்மா. நூல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பின்வாசலில்தான் இருப்போம்.

உங்கள் அன்புக்கும் அதட்டலுக்கும் என்றும் உரிய,
கோயம்புத்தூர் கிளைப் பணியாளர்கள் அனைவரும்

கரூர் மேசைக்காக:
சாஜிதா பேகம், ஜேக், லோகப்பிரியா