மூன்றாவது ஸ்கேன் மையம்

மாலை ஐந்தே முக்கால். ஊருக்கு வெளியே, கிடங்குகளுக்குப் பின்னால் போகிற சாலை. முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் வண்டி இல்லை... அந்தச் சாலையில் தனியாக ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு போனாள் என் நண்பனின் அக்கா. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், உரக்கச் சொல்கிற கதை இல்லை இது.

அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. எடுக்கிற வேலை. அப்போது ஓர் ஆராய்ச்சி நடந்தது. மூளையில் எந்தப் பகுதி எதோடு சேர்ந்து வேலை செய்கிறது என்று ஸ்கேனை வைத்து ஒரு வலைப்படம் போடுவார்கள். ஒரே ஆளை வேறு வேறு இயந்திரத்தில் படுக்க வைத்தாலும் அதே படம் வருமா, அதை நம்பலாமா என்பதுதான் கேள்வி. அக்காவின் ஆஸ்பத்திரியையும் சேர்த்து நான்கு மையங்கள், எட்டுப் பேர். எட்டுப் பேரும் நான்கு இடத்துக்கும் போக வேண்டும். ஓர் ஆள் குறைந்ததால் அக்கா தன் கணவரையே சேர்த்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியார். வாயில்லாப் பூச்சி.

ஏழு பேருக்கு நான்கு படங்களும் ஏறக்குறைய ஒத்துப்போயின. வாத்தியாருக்கு மட்டும் மூன்றாவது மையத்தில் வேறு படம். அடுத்த வியாழக்கிழமை மறுபடி எடுத்தார்கள். அதே வேறு படம்... இம்மி பிசகவில்லை.

கணக்குப் போடும் புள்ளிவிவரக்காரர் சிரித்தார். "அங்க போனா உங்க வீட்டுக்காரர் வேற ஆளாயிடறாரு மேடம்."

விளையாட்டுப் பேச்சுதான். அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. அன்று சாப்பிடும்போது, அங்கே ஸ்கேன் எடுப்பது யார் என்று கணவரிடம் கேட்டாள்.

"ஒரு பொண்ணு. மெதுவா பேசும்."

சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். கல்யாணமான பதினோரு வருஷத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவள் பார்த்ததில்லை. அதற்கு மேல் ஒரு வாய் இறங்கவில்லை அவளுக்கு.

சட்டையை மோந்து பார்த்தாள். செல்போனைத் துருவினாள். ஒன்றும் சிக்கவில்லை, அதுதான் இன்னும் அரித்தது. தானும் வீட்டில் மெதுவாகப் பேசிப் பார்த்தாள். தொண்டை சரியில்லையா என்று கேட்டார் மனுஷன். ஸ்கேன் வேலை முடிந்த பிறகும் வியாழக்கிழமைகளில் அவர் தாமதமாக வந்தார். எங்கே என்றால், சும்மா நடந்துவிட்டு வந்தாராம்.

அதனால்தான் அந்தச் சாலை, அந்த நேரம்.

மூன்றாவது மையத்தில் ஒரே ஆள்தான் இருந்தார், ஐம்பது வயது டெக்னீஷியன். ஸ்பிரிட் வாசனை. உள்ளே குளிரூட்டும் பம்ப் மட்டும் ச்சிக்... ச்சிக்... என்று அடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண் எங்கே என்று கேட்டாள் அக்கா.

"இங்க பொண்ணுங்க யாரும் வேலைக்கு இல்லையே. ரெண்டு தடவையும் நான்தான் எடுத்தேன்."

பதிவேட்டைக் காட்டினார். இரண்டு இடத்திலும் அவர் கையெழுத்துதான். அவளை எங்கேயோ ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்றே அக்கா நினைத்தாள். வீம்புக்கு, எனக்கும் எடுங்கள் என்றாள். கோளாறு இயந்திரத்தில் என்றால் என் படமும் மாறி வரட்டும், சோதனைக்காக எடுத்த என் பழைய படம் எங்கள் மையத்தில் இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்ப்போம் என்றாள். அவரும் சரி என்றார்.

காதில் ஹெட்போன். படுக்கை உள்ளே நகர்ந்தது. டக் டக் டக் என்று இயந்திரம் இடிக்கத் தொடங்கியது. பிறகு ஹெட்போனில், மெதுவாக... ஒரு பெண் குரல்.

"அசையாதீங்க."

அக்காவுக்குப் பயம் வரவில்லை. இவள்தானா என்று வயிறு எரிந்தது. நல்ல குரல் வேறு. அந்தக் குரல் இன்னும் பக்கத்தில் வந்தது. மூச்சு கூடக் கேட்டது.

"நீ எதுக்கு வந்தே? அவர அனுப்பு."

அப்போதுதான் பயம் வந்தது. ஆபத்தென்றால் அழுத்தக் கொடுக்கும் ரப்பர் பந்தை அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள். யாரும் வரவில்லை. ஸ்கேனுக்கான எட்டு நிமிஷமும் முடிந்துதான் படுக்கை வெளியே வந்தது. மைக்கைத் தொடவே இல்லை, மணியும் அடிக்கவில்லை என்று டெக்னீஷியன் சத்தியம் செய்தார்.

இரண்டு நாள் கழித்துப் புள்ளிவிவரக்காரர் போனில் கூப்பிட்டார். இந்த முறை சிரிக்கவில்லை. அக்காவின் புதுப் படம் அவளுடைய பழைய படத்தோடு ஒட்டவே இல்லையாம். வாத்தியாருக்கு அங்கே வந்த படத்தோடு அப்படியே ஒட்டியதாம்.

"அது உங்களோடதும் இல்ல, அவரோடதும் இல்ல மேடம். மூணு தடவையும் படுத்திருந்தது ஒரே ஆள். அது யாருன்னு எனக்குத் தெரியல."

அந்த மையத்தை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் இயந்திரத்தையும் கழற்றி லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். அக்கா நேரிலேயே போய்ப் பார்த்தாள். வெறும் அறை, தரையில் போல்ட் துளைகள், வாசலில் பெரிய பூட்டு. ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினாள்.

அடுத்த வியாழன். வாத்தியார் ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தார். எங்கே போனீர்கள் என்று அக்கா கேட்கவில்லை. தாடையைப் பிடித்து, முகத்தை விளக்குப் பக்கம் திருப்பினாள்.

ஸ்கேன் எடுக்கும்போது தலை அசையாமல் இருக்க இரண்டு பக்கமும் திண்டு செருகுவார்கள், தெரியுமில்லையா... அவருடைய இரண்டு நெற்றிப்பொட்டிலும் அந்தத் திண்டு அழுத்திய தடம். இன்னும் சிவப்பு மாறவில்லை.