வெயிலைக் கணக்கில் சேர்த்தவர்

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, வறட்சிக் கண்காணிப்புப் பிரிவின் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும், மறைந்த நம் அம்மையாரின் கணவரே, மகளே, வணக்கம்.

எனக்கு முன் பேசியவர்கள் அவரை அன்பின் உருவம் என்றார்கள். அன்பானவர்தான். ஆனால் அதற்காகவா நாம் அவரை வெயிலம்மா என்று அழைத்தோம்? எந்தக் கூட்டத்திலும் "மழை இருக்கட்டும், வெயில் எவ்வளவு?" என்று கேட்டு நம் உயிரை வாங்கினார். அதனால் அழைத்தோம்.

நம் பிரிவின் முறை என்ன? மழையை அளக்கிறோம், பல ஆண்டுச் சராசரியோடு ஒப்பிடுகிறோம். குறைந்தால் வறட்சி, குறையாவிட்டால் இல்லை. துணை இயக்குநர் வெயிலம்மா கேட்டது ஒரே கேள்வி: பெய்த தண்ணீர் எங்கே போனது? வெப்பம் ஏற ஏறக் காற்று மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் ஏரியிலிருந்தும் கூடுதலாக உறிஞ்சுகிறது. முன்பு பயிர் தாங்கிக்கொண்ட சிறிய மழைக்குறைவே இப்போது வறட்சியாகிறது. ஆகவே வறட்சி அடிக்கடி வருகிறது. வந்தால் கடுமையாகவும் வருகிறது. இதில் புரியாதது என்ன?

வறட்சிக் கூட்டம் என்றால் அறையின் ஏசியை அணைத்துவிடுவார். ஒருமுறை இயக்குநர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "வேர்க்குதும்மா, கொஞ்சம் போடுங்களேன்" என்றார்.

"ரெண்டு தடவை தண்ணி குடுத்தாச்சு சார். குடிச்சதெல்லாம் சட்டைக்கு வந்துடுச்சு பாருங்க. மண்ணுக்கும் இதே கதிதான்."

அறையே சிரித்தது. இயக்குநரும் சிரித்தார். முறையை மாற்றவில்லை.

அவர் மிகைப்படுத்துகிறவர் அல்ல. வறட்சிக்கெல்லாம் வெப்பமே காரணம் என்று நான் ஒரு வரைவில் எழுதினேன். அந்த வரியை அடித்தார். "ஏம்பா, மழை வராததையும் வெயில் தலையிலேயே கட்டுறியா? மழை குறையறது ஒண்ணு, இருக்கறத வெயில் காலி பண்றது இன்னொண்ணு. எதுக்கு எவ்வளவு பங்குன்னு பிரிச்சுக் காட்டு. முடியலன்னா டீ குடிக்கப் போ."

டீ குடிக்கத்தான் போனேன். வந்து பிரித்துக் காட்டினேன்.

இந்தப் பருவத்தில் மேட்டு வட்டாரத்தில் மழை சராசரியை ஒட்டியே பெய்தது. பிறகு இரவிலும் தணியாத வெப்பம் வாரக்கணக்கில் நின்றது. மண்ணில் ஈரமில்லை. குடிநீர்க் குட்டைகள் வற்றிவிட்டன. நம் வரைபடத்தில் அந்த வட்டாரம் இன்னும் பச்சை. பச்சை என்றால் தண்ணீர் லாரி போகாது. வெப்பத்தையும் சேர்த்து அவர் போட்ட வரைபடத்தில் அது சிவப்பு. அதை இயக்குநரிடம் கொடுத்துவிட்டுத்தான் மருத்துவமனைக்குப் போனார்.

"பாக்கலாம்மா, முதல்ல உடம்பப் பாத்துக்குங்க" என்றார் இயக்குநர்.

அறுவை சிகிச்சைக்கு அழைத்துச் செல்லும்போது மகளிடம், "மேப் அரசாங்கத்துக்குப் போயிடுச்சான்னு ஆபீஸ்ல கேட்டுச் சொல்லுடி" என்றாராம். மகள் எனக்குத்தான் போன் செய்தார். போகவில்லை என்றேன். இன்றுவரை போகவில்லை.

அவர் பணியைத் தொடர்வோம் என்று இங்கே எல்லோரும் சொன்னார்கள். எந்தப் பணியை? வாரந்தோறும் புதன்கிழமை வரைபடத்தோடு அரசுக்குப் போகும் அறிக்கையைத் தயாரிக்கும் பொறுப்பு இப்போது என்னுடையது. மேட்டு வட்டாரத்தைச் சிவப்பாகவே வைத்து உங்கள் மேசைக்கு அனுப்புவேன், இயக்குநர் அவர்களே. பச்சைதான் வேண்டுமென்றால் நீங்களே மாற்றி, காரணம் எழுதி, கையெழுத்திடுங்கள். நான் மாற்ற மாட்டேன். இந்தப் பிரிவில் வேறு யாரும் மாற்ற மாட்டார்கள்.

உங்கள் கையில் இருக்கும் இரங்கல் தீர்மானத்தைப் புதன்கிழமை மாலை வாசியுங்கள். அதுவரை அவருக்கு நாம் சொல்ல எதுவும் இல்லை.