ஜாமீன் கையெழுத்து

பிரேமளா — வாடகை இந்தப் பக்கம் வைங்க. கரண்டும் தண்ணியும் இதுல. மோட்டார் சைக்கிள் பெட்ரோலுக்கு எம்பது வெள்ளி போதும்ல?

லோகேஸ்வரன் — நூறா வையேன். இந்த மாசம் ஓ.டி. நிறைய...

பிரேமளா — ஓ.டி. பாத்தா வேலை பாக்குற கிலாங் தள்ளிப் போயிருமா? இந்தா இருக்கு பாசிர் கூடாங்.

லோகேஸ்வரன் — மோட்டார் பழசு பிரேமா. வயசான மனுசன் மாதிரி, வேலை கம்மி, குடி ஜாஸ்தி.

பிரேமளா — எம்பதுதான். லோஷினி டியூஷன் நூத்தியிருபது. சாமான் இருநூறு. கோழி ஞாயித்துக்கிழமை மட்டும்... மூஞ்சிய அப்படி வைக்காதீங்க லா. மீதி நாளு முட்டை இருக்குல்ல.

லோகேஸ்வரன் — முட்டையும் கோழிதானே. நேரத்துக்கு முன்னாடி சாப்பிடறோம், அவ்வளவுதான்.

பிரேமளா — பேச்சு மட்டும் குறையல. சரி, மிச்சம் பேங்குக்கு.

லோகேஸ்வரன் — ம்...

பிரேமளா — என்ன ம்?

லோகேஸ்வரன் — ஒண்ணுமில்ல. எடுத்து வை.

பிரேமளா — உங்க தம்பி எங்க வர்றாராம்?

லோகேஸ்வரன் — யோங் பெங்லேருந்து காலையிலயே கிளம்பிட்டான். ஆயர் ஈத்தாம்ல நின்னு உனக்குப் பூச்சட்டி வாங்கிட்டு வர்றானாம். இந்நேரம் நம்ம மாசாய்க்குள்ள வந்திருப்பான்.

பிரேமளா — பூச்சட்டியா! கையெழுத்து கேட்டு வர்றவங்க வெறுங்கையோட வர மாட்டாங்க உங்க குடும்பத்துல. உங்க அத்தான் டுரியான் பழ மூட்டையோட வந்தாரு.

லோகேஸ்வரன் — இப்ப எதுக்கு அத்தான் கதை...

பிரேமளா — எதுக்கா? எட்டு வருசமா அந்த டுரியானுக்குத்தானே கட்டிக்கிட்டு இருக்கோம். 'மச்சான், பேருக்குத்தான் கையெழுத்து, ஒரு காசு உன்கிட்ட வராது'ன்னாரு. லாரி வாங்குனாரு. ஆறே மாசம். லாரியையும் காணோம், ஜெயபாலனையும் காணோம். பேங்க்காரன் மட்டும் கரெக்டா நம்ம வீட்டைக் கண்டுபுடிச்சு வந்தான்.

லோகேஸ்வரன் — அக்கா முகத்துக்காகப் போட்டேன்.

பிரேமளா — அக்கா முகத்தைப் பாத்தீங்க. என் முகம் அன்னைக்கு அடுப்படியில இருந்துச்சு. வந்து பாக்கல.

லோகேஸ்வரன் — குத்திக் காட்டறியா?

பிரேமளா — குத்திக் காட்டலைங்க. பயந்து சொல்றேன். லோஷினி அடுத்த வருசம் காலேஜுக்குப் போகணும். இன்னொரு கையெழுத்து நீங்க போட்டு, அதுவும் சரிஞ்சிச்சுன்னா, அந்தப் புள்ள எங்க போகும்? அவளும் கிலாங்குல போய் மெஷின் லைன்ல நிக்கணுமா?

லோகேஸ்வரன் — தீபன் ஜெயபாலன் இல்ல பிரேமா.

பிரேமளா — தெரியும். நல்ல புள்ளதான். ஆனா கையெழுத்துக்கு நல்லவன் கெட்டவன் தெரியுமா? நீங்க சொல்ல வேண்டியது ஒண்ணே ஒண்ணு. 'எங்களுக்கே கடன் முடியல, என் பேரு பேங்குல மாட்டிக்கிட்டு இருக்கு.' அவ்வளவுதான். சொல்லுவீங்களா?

லோகேஸ்வரன் — சொல்றேன்.

பிரேமளா — என்னைப் பாத்துச் சொல்லுங்க.

லோகேஸ்வரன் — சொல்றேன்னு சொல்றேன்ல... ஏய், கதவைத் திற. அவன்தான்.

தீபன் — அலமாக்! லிப்ட் இன்னைக்கும் ரிப்பேரா? நாலு மாடி... அண்ணி, இந்தாங்க, மெதுவா புடிங்க. சட்டி மட்டும்தான். செடி நீங்களே வச்சுக்குங்க.

பிரேமளா — வாங்க தம்பி. எதுக்கு இதெல்லாம்? உக்காருங்க, தேத்தண்ணி போடறேன். ஷர்மினி எப்படி இருக்கா?

தீபன் — ஏழாம் மாசம் அண்ணி. காலெல்லாம் வீங்கிக் கெடக்கு. உங்களைக் கேட்டுச்சு. அண்ணே, என்ன மெலிஞ்சு போயிட்டீங்க?

லோகேஸ்வரன் — முட்டை டயட்டுடா.

தீபன் — அண்ணே, சுத்தி வளைக்காம சொல்லிடறேன். கிலாங்குல வேலை பாக்குற ஆளுங்களை ஏத்தி இறக்குற வேன். நேப்பாளி பசங்க, பங்களாதேஷ் பசங்க, ஹாஸ்டல்லேருந்து காலையில கூட்டிப் போயி சாயங்காலம் கொண்டாந்து விடணும். கிலாங் முதலாளி தாவ்கே வாய் திறந்து சரின்னுட்டாரு. முன்பணம் நானே சேத்து வச்சிருக்கேன். லோனுக்கு ஒரு ஜாமீன் வேணும், அது ஒண்ணுதான் குறை.

லோகேஸ்வரன் — நல்ல வேலைதான்டா.

தீபன் — நல்ல வேலைண்ணே! எண்ணெய்ப் பனைத் தோட்டத்துல அடுத்தவன் லாரிய எத்தனை நாளைக்கு ஓட்டறது? புள்ள பொறக்குறப்ப அப்பனுக்குன்னு ஒண்ணு இருக்கணும்ல?

லோகேஸ்வரன் — இருக்கணும்...

பிரேமளா — தம்பி, குறுக்க பேசறேன்னு நெனைக்காதீங்க. அண்ணன் நெலமை உங்களுக்குத் தெரியும். லாரிக் கடன் இன்னும் முடியல. அவர் பேரு பிளாக்லிஸ்ட்ல கெடக்கு. அவர் கையெழுத்தை எவன் மதிப்பான்?

தீபன் — அதான் அண்ணி, அதுக்குத்தான் நேர்லயே வந்தேன்! நல்ல சேதி இருக்கு.

லோகேஸ்வரன் — என்னடா?

தீபன் — வேன் கடையில அண்ணன் ஐ.சி. கார்டு நம்பரைக் குடுத்துப் பாக்கச் சொன்னேன்...

லோகேஸ்வரன் — என்னைக் கேக்காமயா?

தீபன் — சும்மா பாக்கத்தாண்ணே, கோவப்படாதீங்க. பாத்துட்டு அங்க இருந்த சீனப் பையன் என்ன சொன்னான் தெரியுமா? உங்க பேரு கிளீனாம்! லாரிக் கடன் போன வருசமே முடிஞ்சு போச்சாம். ஒரு வெள்ளி பாக்கி இல்லயாம். நான் ரெண்டு தடவை பாக்கச் சொன்னேன்.

பிரேமளா — ...

தீபன் — என்ன, ரெண்டு பேரும் பேச மாட்டேங்கிறீங்க? கடன் இல்லண்ணே உங்களுக்கு!

பிரேமளா — தேத்தண்ணி ஆறுது தம்பி. குடிங்க.

தீபன் — அண்ணி... மாசா மாசம் நீங்கதானே பேங்குக்குக் கட்டறீங்க? போன மாசம்கூட அம்மாகிட்ட, இன்னும் ஒரு வருசம் இருக்குன்னு சொன்னீங்களே. அப்ப...

பிரேமளா — அது... வட்டி... அவங்க சொன்ன கணக்கு...

லோகேஸ்வரன் — தீபன். அண்ணிகிட்ட கேக்காத. என்கிட்ட பேசு.

தீபன் — இல்லண்ணே, பேங்குல ஏமாத்தறானோ என்னமோ. நாளைக்கே போயிக் கேளுங்க...

லோகேஸ்வரன் — என்கிட்ட பேசுன்னேன். கையெழுத்துக்குத்தானே வந்த?

தீபன் — ஆமாண்ணே. தாள் கையோட கொண்டாந்திருக்கேன். இந்தாங்க, இங்க ஒண்ணு, பின்னாடி ஒண்ணு.

பிரேமளா — என்னங்க...

லோகேஸ்வரன் — நீ இரு பிரேமா. தீபன்... நான் போட மாட்டேன்டா.

தீபன் — அண்ணே?

லோகேஸ்வரன் — போட மாட்டேன்.

தீபன் — அதான் கடன் இல்லன்னு ஆயிருச்சே.

லோகேஸ்வரன் — இல்லன்னு ஆனாலும் போட மாட்டேன். உன்மேல சந்தேகம்னு இல்ல. நீ கட்டுவ. ஒரு நாள் வேன் எங்கயாச்சும் மோதி நிக்கும். தாவ்கே ஆளை மாத்துவான். நீ காய்ச்சல்ல படுப்ப. அன்னைக்கும் நீ நல்லவன்தான். ஆனா பேங்க்காரங்க என் வீட்டுக் கதவைத் தட்டுவாங்க.

தீபன் — அத்தானுக்குப் போட்டீங்க.

லோகேஸ்வரன் — போட்டேன்.

தீபன் — ஓடிப்போனவனுக்குப் போட்டீங்க. கூடப் பொறந்தவனுக்குப் போட மாட்டீங்க. அப்பா செத்தப்ப 'இனிமே நான் இருக்கேன்டா'ன்னு சொன்னது யாரு?

லோகேஸ்வரன் — நான்தான்டா. இப்பவும் இருக்கேன். ஷர்மினி ஆஸ்பத்திரிச் செலவு என்ன ஆகுதோ என்கிட்ட கேளு, எப்படியாச்சும் பாக்கறேன். வேன் வந்தா சனி ஞாயிறு சும்மாவே வந்து ஓட்டறேன். உனக்கு ஒரு டிரைவர் சம்பளம் மிச்சம்.

தீபன் — எனக்கு டிரைவர் வேணாம். அண்ணன் வேணும். அம்மாகிட்ட நான் என்ன சொல்லட்டும்?

லோகேஸ்வரன் — அண்ணன் முடியாதுன்னுட்டான்னு சொல்லு. அண்ணி சொன்னான்னு சொல்லாத. நான் சொன்னேன்னு சொல்லு.

தீபன் — சரி... வர்றேன் அண்ணி.

பிரேமளா — தம்பி, சாப்பிட்டுப் போங்க. ஞாயித்துக்கிழமை, கோழி இருக்கு... தம்பி! தேத்தண்ணியாச்சும்...

லோகேஸ்வரன் — விடு பிரேமா. படியில பாத்து எறங்கட்டும். கண்ணுல தண்ணி அவனுக்கு.

பிரேமளா — போயிட்டாரு.

லோகேஸ்வரன் — ம்.

பிரேமளா — பூச்சட்டியப் பாத்தாலே என்னமோ பண்ணுது.

லோகேஸ்வரன் — ஒரு மாசம் பேச மாட்டான். புள்ள பொறந்தா பேசுவான்.

பிரேமளா — பேசலைன்னா?

லோகேஸ்வரன் — பேசலைன்னா... அதுவும் நான் போட்ட கையெழுத்து மாதிரிதான். நான்தான் கட்டணும்.

பிரேமளா — என்னங்க.

லோகேஸ்வரன் — ம்?

பிரேமளா — நீங்க என்னை ஒண்ணும் கேக்கலையே.

லோகேஸ்வரன் — என்ன கேக்க?

பிரேமளா — அவரு சொன்னது நெசம்தாங்க. முடிஞ்சிருச்சு. போன தீபாவளிக்கு ரெண்டு மாசம் முன்னாடியே முடிஞ்சிருச்சு. வட்டி ஏத்திட்டாங்க, இன்னும் கட்டணும்னு நான்தான் உங்ககிட்ட பொய் சொன்னேன். பேங்க் கடுதாசி வந்தாலே உங்களுக்குப் பயம். பிரிக்காம என்கிட்ட குடுப்பீங்க. அதனால சொல்றது சுலபமா போச்சு. பணத்தைத் தொடலைங்க, சத்தியமா. லோஷினி பேர்ல போட்டு வச்சிருக்கேன், காலேஜுக்கு.

லோகேஸ்வரன் — சரி.

பிரேமளா — சரின்னா என்ன அர்த்தம்? திட்டுங்க. கத்துங்க. உங்களுக்கு முடிஞ்சிருச்சுன்னு தெரிஞ்சா அடுத்த நாளே யாராச்சும் வந்து நிப்பாங்க, நீங்க பேனாவைத் தேடுவீங்க. உங்க வாய்க்கு 'இல்ல'ன்னு சொல்ல வராது. கடன் இருக்குன்னு நெனைச்சாலாச்சும் வரும்னுதான்...

லோகேஸ்வரன் — அழாத.

பிரேமளா — உங்க பல்லு! பல்லைக் காப்பாத்தணும்னா எழுநூறு வெள்ளி ஆகும்னு டாக்டர் சொன்னப்ப, கடன் இருக்கு, புடுங்கிடுங்கன்னு நான்தானே சொன்னேன்? கையில பணத்தை வச்சுக்கிட்டுச் சொன்னேன். மூணு நாள் கஞ்சி குடிச்சீங்க. நான் இந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டு... எனக்குத் தூக்கமே வரலைங்க. எழுப்பிச் சொல்லிடலாம்னு எத்தனை தடவை கை நீட்டுனேன்...

லோகேஸ்வரன் — நீ கை நீட்டுனது தெரியும்.

பிரேமளா — முழிச்சா இருந்தீங்க?

லோகேஸ்வரன் — பல்லு வலி. எங்க தூங்கறது?

பிரேமளா — சிரிக்காதீங்க. எனக்குச் சிரிப்பு வரல. கல்யாணமான நாள்லேருந்து என்கிட்ட ஒரு பொய் சொல்லாத மனுசனை நான் இத்தனை மாசம் ஏமாத்திருக்கேன். நீங்க ஓ.டி. ஓ.டி.ன்னு ஓடுனதெல்லாம் இல்லாத கடனுக்கு. அதை நெனைச்சா என்னைப் பாக்கவே எனக்குப் புடிக்கல.

லோகேஸ்வரன் — நானும் சொல்லிருக்கேன் பிரேமா.

பிரேமளா — என்ன?

லோகேஸ்வரன் — பொய்.

பிரேமளா — நீங்களா? என்னத்தைச் சொன்னீங்க?

லோகேஸ்வரன் — போன தீபாவளிக்குப் போனஸ் வந்துச்சுல்ல, அன்னைக்கு நேரா பேங்குக்குப் போனேன். ரெண்டு மாசத்துத் தவணையைச் சேத்துக் கட்டிட்டு ரசீதை உன் கையில குடுக்கலாம்னு ஆசை. கவுண்டர்ல இருந்த மலாய்ப் பொண்ணு கம்ப்யூட்டரைப் பாத்துட்டு, 'சுடா ஹாபிஸ், பாக்சிக்'னு சிரிச்சிச்சு. முடிஞ்சிருச்சாம். வெளிய வந்து மோட்டார் பக்கத்துல உக்காந்து சின்னப் புள்ள மாதிரி அழுதேன். உன்கிட்ட சொல்லணும்னுதான் ஓடி வந்தேன். வந்தா, பக்கத்து வீட்டு கிருஷ்ணம்மா அக்கா கூடத்துல உக்காந்திருக்கு, மவன் மோட்டாருக்கு ஜாமீன் கேட்டு. நீ கதவோரம் நின்னு என்னையே பாத்த. 'லாரிக் கடன் இன்னும் முடியலக்கா, என் பேரு செல்லாது'ன்னு சொன்னேன். அக்கா தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிருச்சு. நாப்பத்தேழு வயசுல என் வாயிலேருந்து வந்த மொத 'இல்ல' அது. அந்தக் கடனும் போயிட்டா அடுத்த தடவை எனக்கு அது வருமோ வராதோன்னு பயம் பிரேமா... அதான், நீ 'இன்னும் கட்டணும்'னு சொன்னப்பல்லாம் நானும் தலையாட்டுனேன். நீ முடிச்ச கடனை முடிக்க எனக்கு மனசு வரல.