முப்பது வருஷத்துக்கு ஒரு பாதி

—அந்தக் கதிர்வீச்சு அளக்குற கருவியை முதல்ல அணைடா மெய்ர்பெக். காலையிலேருந்து அது டிக் டிக்னு கத்தி என் காதே போச்சு. டீயைக் குடி, பவுர்சாக் ரொட்டியை எடுத்துக் கடி. இப்போ சொல்லு, அப்பாவோட பழைய பட்டி சுத்தமாயிடுச்சா இல்லியா?

—இல்ல துர்சின்கான் அண்ணே.

—இல்லியா? அறுபது வருஷம் ஆயிடுச்சேடா!

—ஆனா என்ன?

—ஆனா என்னவா? அல்மாட்டியில படிச்சுட்டு வந்து நீதானே சொன்னே, அணுகுண்டு வெடிச்சுக் கொட்டின விஷம் முப்பது வருஷத்துல பாதியாயிடும்னு? முதல் முப்பதுல ஒரு பாதி. அடுத்த முப்பதுல இன்னொரு பாதி. ரெண்டு பாதி சேர்ந்தா முழுசு. ஆடு மேய்க்கிறவனுக்கு இதுகூடவா தெரியாது?

—அல்லாவே! இந்தக் கணக்கை நம்பியா இத்தனை வருஷம் உக்காந்திருந்தே?

—வேற எதை நம்புறது? தம்பி படிச்சவனாச்சேன்னு நம்பினேன்.

—சொல்றதைக் கேளு. பட்டிக்குள்ள ஒரு ஓநாய் வருதுன்னு வச்சுக்கோ. முதல் தடவை பாதி ஆட்டைத் திங்குது. மறு தடவை வந்தா, மிஞ்சினதுல பாதிதான். அதுக்கு அடுத்த தடவை அதுலயும் பாதி.

—அது என்னடா ஓநாய், மாப்பிள்ளை விருந்து சாப்பிடுற மாதிரி நாசூக்கா திங்குது? நம்ம ஊர் ஓநாய்னா ஒரே ராத்திரியில மொத்தத்தையும் கடிச்சுப் போட்டுட்டுப் போயிடும்.

—இது அப்படி இல்லண்ணே. இப்போ அங்க கால் பங்கு நிக்குது. அது சீசியம். அதோட போச்சுன்னாகூடப் பரவாயில்ல. மண்ணுல புளூட்டோனியமும் கிடக்கு.

—அவன் யாரு புதுசா?

—அவனும் அன்னைக்கே வந்தவன்தான். அவன் பாதியாக இருபத்தி நாலாயிரம் வருஷம் ஆகும்.

—அடேயப்பா! ஏழு தலைமுறைத் தகப்பன் பேரு தெரியலைன்னாலே நம்மாளுங்க காறித் துப்புவாங்க. இதுக்கு எத்தனை தகப்பன் பேரைடா மனப்பாடம் பண்றது?

—ஆயிரம் பேரு வரும். போதும்ண்ணே, எனக்கு அலுத்துப் போச்சு. இங்க மேய்க்காதே, அங்க தண்ணி எடுக்காதேன்னு வீடு வீடாச் சொல்லியே தலை நரைச்சுது. என் வண்டியைப் பார்த்தாலே கதவைச் சாத்துறாங்க. இப்போ உன்கிட்டயும் அதையே சொல்ல வேண்டியிருக்கு.

—உன்மேல எனக்கென்னடா கோபம்? ஒரு கையெழுத்து போடு, உள்ள போகாதேன்னு நட்டிருக்கிற சிவப்புக் கம்பத்தைப் பிடுங்கிடுவாங்க. அவ்வளவுதான் கேக்குறேன்.

—போட மாட்டேன். நீ போனா உன் பின்னாடியே நாலு பேரு மந்தையை ஓட்டிக்கிட்டு வருவாங்க. புல்லுலேருந்து பாலுக்கு வரும், பாலுலேருந்து பிள்ளைங்க வயித்துக்கு வரும். அந்தப் பாவம் எனக்கு வேணாம்.

—அப்பாவை அங்க புதைச்சு மண்ணுகூடக் காயல, குண்டு வெடிக்கப் போறோம்னு பட்டாளத்து லாரியில நம்மளை ஏத்திட்டாங்க. நீ அம்மா மடியில கிடந்தே. தலைமாட்டுல ஒரு கல்லு நடுறேன்னு அழுதேன். விடலையேடா.

—அவரு முகமே எனக்கு ஞாபகமில்ல. எனக்கு அப்பான்னா நீதான். உனக்குக் கெடுதல் நினைப்பேனா? இந்தக் குளிருக்கு மந்தையை என் மச்சான் ஊருக்கு ஓட்டிட்டுப் போ. வைக்கோலுக்கு நான் ஏற்பாடு பண்றேன்.

—மந்தை ஏதுடா? போன வாரமே வித்துட்டேன்.

—வித்துட்டியா? அப்புறம் எதுக்குண்ணே அந்த இடம்?

—என் ஈரல்ல கட்டியாம். பனி உருகுற வரைக்கும் தாங்காதுன்னு செமெய் ஆஸ்பத்திரி டாக்டர் கையை விரிச்சுட்டாரு. அப்பா பக்கத்துல படுத்துக்கத்தான்டா கேட்டேன். இருபத்தி நாலாயிரம் வருஷம் ஆனா ஆகட்டும், எனக்கு இனிமே என்ன அவசரம்?