வெளியே போக ஒரு மரக்கரண்டி

உங்கள் காவல் நிலையக் காபி நன்றாகத்தான் இருக்கிறது, ஐயா. அந்தப் பேனாவால் மேஜையைத் தட்டுவதை மட்டும் நிறுத்திவிடுங்கள். என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

இந்த ஊரில் பாதிப்பேருக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தது நான்தான். என் வகுப்பிலிருந்து கழிப்பறைக்குப் போகிற பிள்ளை ஒரு பெரிய மரக்கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு போகவேண்டும். அதுதான் அனுமதி. மற்ற வகுப்புகளில் சீட்டு கொடுப்பார்கள். சீட்டு தொலையும், கரண்டி தொலையாது.

பள்ளிக்குள் துப்பாக்கிக்காரன் வந்தால் என்ன செய்வது என்று எங்களுக்குப் பயிற்சி உண்டு. விளக்கை அணை, கதவைப் பூட்டு, யார் தட்டினாலும் திறக்காதே. செப்டம்பர் பயிற்சியின்போது வெளியே ஒரு குழந்தை அழுதது. திறந்துவிட்டேன். குழந்தைக் குரலில் அழுதுகொண்டு நின்றவர் எங்கள் தலைமையாசிரியர் க்ரெய்க். சாயங்காலம் ஆசிரியர் கூட்டத்தில் டோனட்டைக் கடித்துக்கொண்டே என்னைக் காட்டிச் சொன்னார்: "பதினெட்டுப் பிள்ளைங்களையும் டோரீன் ஒருத்தரே கொன்னுட்டாங்க. துப்பாக்கிக்காரன் எதுக்கு, இவங்களே போதும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். மானம் கப்பலேறிவிட்டது, ஐயா.

நவம்பரில் நிஜமாகவே ஒருவன் வந்தான். என் வகுப்புப் பையன் வெஸ்லி அப்போதுதான் கரண்டியோடு வெளியே போயிருந்தான். ஜிம்மில் வெடிச்சத்தம், கதவைப் பூட்டச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவிப்பு. பூட்டினேன். ஜிம் இருப்பது பள்ளிக் கட்டடத்தின் மறுகோடியில்.

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டுகிற சத்தம். விரல் இல்லை, மரத்தில் மரம் படுகிற சத்தம்.

"மிஸ், நான்தான் மிஸ். திறங்க."

என் பக்கத்தில் பதுங்கியிருந்த மாணவி மரிபெல் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மிஸ், அது வெஸ்லி."

"வெஸ்லி இல்ல. பேசாம இரு."

கதவுக் கண்ணாடியை மறைத்த காகிதத்தைக் கொஞ்சம் விலக்கினேன். தாழ்வாரம் கோடிவரை காலி. அவன் மட்டும் நின்றான். என்னைப் பார்த்ததும் சிரித்தான், திறக்கப்போகிறேன் என்று நினைத்து. திறந்து மூட ஒரு மூச்சு நேரம் போதும், அது எனக்குத் தெரியும். ஆனால் என் காதில் அந்தக் கூட்டத்துச் சிரிப்புதான் கேட்டது. காகிதத்தைத் திரும்ப ஒட்டினேன். அவன் தட்டிக்கொண்டே இருந்தான். பிறகு வெடிச்சத்தம் எங்கள் தாழ்வாரத்துக்கு வந்தது.

உள்ளே இருந்த பிள்ளைகள் எல்லாரும் பிழைத்தார்கள். நகரமன்றம் எனக்குப் பாராட்டுப் பட்டயம் கொடுத்தது. வெஸ்லியின் அம்மா டெப்ரா மேடையேறி என்னைக் கட்டிக்கொண்டாள். "அவன் ஏதாவது கூப்பிட்டானா?" என்று காதோரம் கேட்டாள். சத்தமே கேட்கவில்லை என்றேன். பெற்றவளுக்கு அது ஆறுதல்தானே. மரிபெல் அன்றிலிருந்து ஊமையாக இருந்தவள். இப்போது உங்களிடம் வாய் திறந்திருக்கிறாள், நல்லதுதான். குழந்தை மேல் எனக்கென்ன கோபம்?

என் வீட்டு மரக்கரண்டிகளையும் குப்பையில் போட்டுவிட்டேன். தட்டுகிற சத்தம் மட்டும் நிற்கவில்லை.

ஆமாம், வெஸ்லிதான் என்று தெரிந்தேதான் திறக்கவில்லை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள். வெஸ்லி போனபிறகு நடந்த ஆசிரியர் கூட்டத்தில் க்ரெய்க் எழுந்து நின்று, "டோரீனைப் பாருங்க, சொல்லிக்கொடுத்ததை அப்படியே செஞ்சாங்க" என்றார்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.