அக்காவின் 'சரி'

உங்கள் இங்கிலீஷ் மோசமில்லை சார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் டைப் அடித்திருக்கும் என் வாக்குமூலத்தில் இலக்கணம் சுத்தமாக இருக்கிறது. ஒரே ஒரு சொல்தான் இடிக்கிறது. மாலை வகுப்பில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவன் நான். தப்பைப் பார்த்தால் கை சும்மா இருக்காது.

'டெலிபரேட்லி' என்று போட்டிருக்கிறீர்கள். என் மாணவர்களும் இங்கேதான் சறுக்குவார்கள். நம் வாயில் எல்லாவற்றுக்கும் 'வேணும்னே' ஒன்று போதும். இங்கிலீஷ்காரர்கள் அப்படி விடுவதில்லை. 'நோயிங்லி' என்றால் என்ன ஆகும் என்று தெரிந்தே செய்வது. 'இன்டென்ஷனலி' என்றால் அது ஆகட்டும் என்றே செய்வது. 'டெலிபரேட்லி' இன்னும் ஒரு படி மேலே. உட்கார்ந்து யோசித்து, நிறுத்தி நிதானமாகச் செய்வது. சொல்லைச் சரியான ஆளின் தலையில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். நடந்ததைச் சொல்கிறேன். யார் தலையில் எது என்று நீங்களே பாருங்கள்.

அம்மா போன பிறகு என்னை வளர்த்தது அக்காதான். ஒரு நாளும் கை ஓங்கியதில்லை. அவளுடைய ஆயுதம் வேறு. கோபம் வந்தால் என்னோடு 'காய்' விட்டுவிடுவாள். சோறு போடுவாள், தலை வாரிவிடுவாள், வாயை மட்டும் திறக்க மாட்டாள். நான் காலைப் பிடித்து அழுத பிறகுதான் 'பழம்' விடுவாள். அந்தப் பிடிவாதம் உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

எனக்காகத்தான் அவள் கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஐம்பதைத் தாண்டிய பிறகு, எதிர்த்தெருக் கண்ணாடிக் கடைக்காரர் வீட்டுக்கு வரத் தொடங்கினார். மனைவியை இழந்தவர். தங்கமான மனுஷர் என்றார்கள். எனக்கு அங்கேதான் சந்தேகம். தங்கம் எதற்கு வீடு தேடி வருகிறது? நான் அவர் கடைக்குப் போய், அக்காவுக்கு அவ்வப்போது புத்தி பேதலிக்கும், பரம்பரையாக உண்டு, பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்று நல்லவிதமாகவே சொன்னேன். வருவதை நிறுத்திக்கொண்டார்.

அது எப்படியோ அக்கா காதுக்குப் போய்விட்டது. கையில் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்தாள். "உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்டா. இப்ப வேணாம், நாளைக்குப் பேசறேன்," என்றாள். மறுநாள் காலை குளியலறையில் விழுந்து கிடந்தாள்.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்றார் டாக்டர். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு சொல், 'சரி'. பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். "அவங்க நினைக்கிறது வேற, வாயில வர்றது இது ஒண்ணுதான் சார். அதைப் பதில்னு எடுத்துக்காதீங்க," என்றாள். நான் தலையாட்டினேன். ஒரு நாள் வகுப்பு முடிந்து வந்தால் அக்காவின் அறையில் பாட்டு. சின்ன வயதில் எனக்குப் பாடிய தாலாட்டு, வார்த்தை பிசகாமல். அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "பாட்டு மூளையில வேற பக்கம் சார். இந்த மாதிரி நிறைய பேருக்குப் பாட வரும், பேச வராது," என்று சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு பேரும் கூட்டு என்று அப்போதே தெரிந்துவிட்டது. தூங்குகிறவரை எழுப்பலாம், தூங்குவதுபோல் நடிப்பவரை எழுப்ப முடியுமா?

நான் இறங்கிப் போகாமல் இல்லை. காலைப் பிடித்தேன். "நான் செஞ்சது தப்புதான்க்கா. திட்டிடு. ஒரு வார்த்தை திட்டிட்டாக்கூடப் போதும்," என்றேன். இடது கையால் என் தலையைத் தடவினாள். கண்ணில் தண்ணீர். "சரி," என்றாள். மன்னித்தவள் இரண்டு வார்த்தை பேச மாட்டாளா? அது பழம் இல்லை சார். காய்தான்.

அதனால் ஒரு சோதனை வைத்தேன். எங்களுடையது கடைசி மாடி. கூடத்திலிருந்தே மொட்டைமாடிக்குக் கதவு, தாழ்ப்பாள் உள்பக்கம். நல்ல கோடை, உச்சி வெயில்.

"வெளியில கொஞ்ச நேரம் உக்காரலாமாக்கா?"

"சரி."

சக்கர நாற்காலியை நிழல் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தினேன். சக்கரத்தின் பிரேக் வலப்பக்கம், அவளுக்கு எட்டாது.

"தம்பின்னு கூப்பிடு, இல்ல கதவைத் திறன்னு சொல்லு. உடனே திறக்கறேன். மூடட்டுமா?"

"சரி."

அவள் சம்மதித்தாள். இதை அவசியம் எழுதிக்கொள்ளுங்கள்.

கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் திருத்தினேன். இதே சொற்களை வைத்து வாக்கியம் எழுதச் சொல்லியிருந்தேன். பேக்கரியில் வேலை செய்கிற ஒருவர், தன் தம்பி வேண்டுமென்றே தன் குடையை உடைத்தான் என்று எழுதியிருந்தார். வாக்கியம் நன்றாக இருந்தது. முழு மார்க் போட்டேன்.

வெளியே அவள் 'சரி' என்றாள். பிறகு 'சரி, சரி' என்றாள். போகப்போகச் சத்தம் ஏறியது. கத்தினாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலிக் கையில் அடித்தாள். கீழ்வீட்டு அம்மா மேலே வந்து, "என்னங்க, அக்கா இப்படிக் கத்தறாங்க?" என்று கேட்டார்.

"பயிற்சி நடக்குதுங்க. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லணும்."

"பாவம், உயிரைக் கொடுத்து முயற்சி பண்றாங்க," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கடைசியில் பாட ஆரம்பித்தாள். அதே தாலாட்டு, பாதிதான் வந்தது. தாளை எல்லாம் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது. இவ்வளவு சொல் வருகிற வாய்க்கு 'தம்பி' மட்டும் வராதா என்று எனக்கு ஆத்திரமாகக்கூட வந்தது. அப்புறம் சத்தமில்லை. உடனே ஏன் திறக்கவில்லை என்று கேட்டீர்கள். சத்தமில்லாமல் இருப்பது அவளுக்குப் புதிதா? வெயில் தாழ்ந்த பிறகுதான் திறந்தேன்.

செத்துப்போவாள் என்று தெரியுமா என்றால், தெரியும். அந்தப் பெண் சொன்னது உண்மை என்றும் உள்ளுக்குள் தெரிந்துதான் இருந்தது. ஆகவே 'நோயிங்லி' என்று என் மேல் போடுங்கள், தாராளமாகக் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் 'டெலிபரேட்லி' என்பதை என் வாக்கியத்திலிருந்து எடுத்து அவள் வாக்கியத்தில் வையுங்கள். ஒரே ஒரு சொல்தான் கேட்டேன். காலைக்கூடப் பிடித்துவிட்டேன். பழம் விடாமலே போய்விட்டாள் சார், வேணும்னே.